ஆஜர் நோட்டில் அண்ணன் பெயர்

திருக்காட்டுப்பள்ளி
9-4-1972

அன்புள்ள அண்ணனுக்கு,

நாகம்மாள் எழுதுகிறேன். மூன்று வருடமாக ஒரு வரி எழுதாத தங்கை இப்போது எதற்கு எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். கிழித்துப் போடுவதாக இருந்தால் படித்து முடித்துவிட்டுக் கிழியுங்கள்.

பங்குனி ஐந்தாம் தேதி மில்லில் உங்கள் மாப்பிள்ளையின் வலது கை நெல் அரைக்கிற ஹல்லர் பெல்ட்டில் மாட்டிக்கொண்டது. பெல்ட் நழுவியிருக்கிறது. மோட்டாரை நிறுத்தினால் முதலாளி கத்துவார் என்று ஓட ஓடவே கையால் தள்ளி ஏற்றியிருக்கிறார். எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள், உங்களுக்குத் தெரியாததா. ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றும் போய்விட்டன. கட்டை விரலும் சுண்டு விரலும் மிச்சம். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் இருபது நாள் இருந்துவிட்டு முந்தாநாள்தான் வீட்டுக்கு வந்தோம்.

நீங்கள் என் மேல் கோபப்பட்டது நியாயம். கூலிச் சண்டையில் உங்களை மில்லை விட்டு விரட்டினார்கள். அடுத்த வாரமே அதே ஹல்லர் முன்னால் என் புருஷன் போய் நின்றார். அதுவும் உங்கள் பெயரில். உங்கள் பெயரை அடித்தால் சங்கத்தார் கேஸ் போடுவார்கள், பெயர் இருக்கட்டும், ஆள் மட்டும் மாறட்டும் என்று கணக்குப்பிள்ளை சொன்னார். வீட்டில் அரிசி இல்லை, நான்தான் அவரைப் போகச் சொன்னேன். அவரைத் திட்டாதீர்கள்.

முதலாளி ஆஸ்பத்திரிக்கு ஒருமுறை வந்தார். ஆரஞ்சுப் பழம் கொடுத்தார். அதோடு சரி. எனக்கு இது மூன்றாம் மாதம். என்ன செய்வது என்று தெரியாமல் எழுதுகிறேன்.

உங்கள் தங்கை,
நாகம்மாள்

வேதாரண்யம்
21-4-1972

அன்புத் தங்கச்சி நாகம்மாளுக்கு,

நீ எப்போதிலிருந்து எனக்கு 'நீங்கள்' போட ஆரம்பித்தாய்? இடுப்பில் தூக்கி வளர்த்தவனை 'டேய்' என்று கூப்பிட்ட வாய் அது. அடுத்த கடிதத்திலும் 'நீங்கள்' வந்தால் நிஜமாகவே கிழித்துப் போடுவேன்.

உன் கடிதத்தை உப்பளத்து வரப்பில் நின்று படித்தேன். பாத்தியில் உப்பு வார வேண்டிய நேரம். மேஸ்திரி சத்தம் போட்டும் எனக்குக் காதில் விழவில்லை. அந்த பெல்ட்டை எனக்குத் தெரியும். ஈரம் பட்டால் வழுக்கும். சங்கத்தில் நாங்கள் வைத்த ஏழு கோரிக்கையில் நாலாவது, பெல்ட்டுக்கு மேல் தகர மூடி போட வேண்டும் என்பது. கூலியைப் பற்றிப் பேசும்போது முதலாளிக்குக் கோபம் வந்தது. மூடியைப் பற்றிப் பேசும்போது சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு இப்போது ஞாபகம் வருகிறது.

ரெத்தினம் மாப்பிள்ளை மேல் எனக்கு இருந்த கோபம் முழுதும் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். என் இடத்தை எடுத்துக்கொண்டதைக்கூடப் பொறுத்தேன். என் பெயரையும் எடுத்துக்கொண்டாரே என்பதுதான் உறுத்திக்கொண்டே இருந்தது. அதற்காக ஒரு மனுஷனுக்கு விரல் போக வேண்டும் என்று நான் நினைத்தவன் இல்லை. இதை அவரிடம் சொல்.

ஆடி வரைக்கும் உப்புக் காலம். விட்டுவிட்டு வர முடியாது. பஸ் டிரைவரிடம் கருவாடு கொடுத்து அனுப்பியிருக்கிறேன், மசக்கைக்குப் பிடிக்காவிட்டால் பக்கத்து வீட்டுக்குக் கொடு. வேலையில் அடிபட்டால் நஷ்டஈடு என்று சட்டம் இருக்கிறது, சங்கத்தில் சொல்லக் கேட்டிருக்கிறேன். விவரம் தெரிந்தவர் யாரையாவது பார்.

உன் அண்ணன்,
இளையபெருமாள்

திருக்காட்டுப்பள்ளி
14-5-1972

அண்ணே,

இந்தக் கடிதத்தில் ஒரு 'நீங்கள்' கூடக் கிடையாது, தேடிப் பார்த்துக்கொள். கருவாட்டைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கவில்லை. நானே தின்றேன்.

தஞ்சாவூர்க் கோர்ட்டு வாசலில் மனு எழுதும் அப்துல் வஹாப் என்று ஒரு பெரியவர் இருக்கிறார். புங்க மரத்தடியில் டைப் மிஷினோடு உட்கார்ந்திருப்பார். ஆஸ்பத்திரியில் நர்ஸம்மாதான் அவரைப் போய்ப் பார்க்கச் சொன்னது. நான் போனேன். முதலாளி பழம் கொடுத்ததை எல்லாம் சொன்னேன். "தர்மம் வேற, சட்டம் வேறம்மா. அவரு தர்மத்துக்குக் கொடுக்கறதை வாங்கிக்குங்க. சட்டத்துக்கு வர்றதைக் கேட்டு வாங்குங்க" என்றார்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். வேலை செய்யும்போது வேலையால் அடிபட்டால் முதலாளி நஷ்டஈடு தர வேண்டும். யார் மேல் தப்பு என்பது பெரிய பேச்சு இல்லை. குடித்திருந்தாலோ, வேண்டுமென்றே பாதுகாப்பு மூடியைக் கழற்றியிருந்தாலோதான் சிக்கல். கை ஆறும் வரை வேலைக்குப் போகாத நாளுக்குச் சம்பளத்தில் ஒரு பங்கு உண்டு. அப்புறம் போன உறுப்புக்கு ஒரே தொகை உண்டு. விரலுக்கெல்லாம் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள் அண்ணே. ஒரு கையில் மூன்று விரல் போனால் சம்பாதிக்கும் சக்தியில் நூற்றுக்கு முப்பது போனதாகக் கணக்காம். இரண்டு வருடத்துக்குள் மனுப் போட வேண்டும். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால்கூட அந்த எழுத்து செல்லாதாம். நம்மைப் போல ஆட்கள் பயந்து எழுதிக் கொடுப்பார்கள் என்று சட்டம் எழுதினவனுக்கே தெரிந்திருக்கிறது.

இவ்வளவும் கேட்டுச் சந்தோஷமாக மில்லுக்கு நோட்டீஸ் விட்டோம். பதில் ரிஜிஸ்தர் தபாலில் வந்தது. ரெத்தினம் என்று ஒருவர் எங்கள் மில்லில் எந்நாளும் வேலை பார்த்ததில்லை. ஹல்லரில் வேலை பார்ப்பவர் இளையபெருமாள். அவர் இன்று வரை பூரண நலத்தோடு பணியில் இருக்கிறார். இதுதான் பதில்.

நீ வெயிலில் காய்கிறாய் என்று நான் அழுதுகொண்டிருக்கிறேன். நீ இங்கேயே மில்லில் சுகமாக இருக்கிறாயாம். சிரிப்பாகத்தான் எழுதுகிறேன், ஆனால் மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. ஆஜர் நோட்டில் உன் பெயர் மட்டும்தான் இருக்கிறது. அவர் அந்த மில்லில் இருந்ததற்கு அடையாளமே இல்லை. என்ன வழி என்று வஹாப் பாய் யோசிக்கிறார்.

நாகம்மாள்

வேதாரண்யம்
2-6-1972

அன்புத் தங்கச்சிக்கு,

இனி நீ நன்றாகச் சாப்பிடலாம். உன் கவலையை அண்ணன் தீர்த்துவிட்டேன்.

முந்தாநாள் நம் மில் கணக்குப்பிள்ளை குஞ்சிதபாதம் நாகப்பட்டினம் பஸ்ஸில் வந்து இறங்கினார். இந்த வயதில், இந்த வெயிலில், உப்பளத்துக்கே தேடிக்கொண்டு வந்துவிட்டார். என் காலைப் பார்த்துக் கண் கலங்கினார். உப்புத் தண்ணீரில் நின்று என் கால் வெடித்துக் கிடக்கிறது, அதை உனக்கு எழுதியதில்லை.

அவர் சொன்னது இது. "நோட்டுல ஒன் பேருதான் இருக்கு. காசு வந்தா ஒன் பேருக்குத்தான் வரும். நீ மில்லுலதான் வேலை பார்த்துக்கிட்டிருக்கேன்னு ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடு. ஒன் பேருக்கு வர்றதைத் தங்கச்சிகிட்ட கொடுத்துடு. முதலாளி மனசுல ஒண்ணும் வச்சுக்கல." நீ எழுதியதோடு அது பொருந்தித்தான் இருந்தது. பெயர் என்னுடையது, எனவே பணம் என் பெயருக்குத்தானே வரும். அதனால் போட்டேன். ராத்திரிப் பள்ளியில் கற்றுக்கொண்ட கையெழுத்து, முழுப் பெயரும் ஒரு எழுத்து பிசகாமல் போட்டேன். அவர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "ஒனக்கு இன்னும் கை நடுங்கலயே" என்று பாராட்டினார்.

மூன்று வருடமாக உனக்கு ஒன்றும் செய்யாத அண்ணன் ஒரு கையெழுத்தில் எல்லாவற்றையும் சரிக்கட்டிவிட்டேன். மாப்பிள்ளையிடம் சொல்.

இளையபெருமாள்

திருக்காட்டுப்பள்ளி
10-6-1972

அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நஷ்டஈட்டுக் கேஸ் விசாரிக்கும் அதிகாரி ஆபீசில் நாங்கள் மனுப் போட்டிருந்தோம். நீங்கள் கையெழுத்துப் போட்ட தாளும் மில்லின் பதில் மனுவோடு அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று வஹாப் பாய் படித்துக் காட்டினார். 'நான் தொடர்ச்சியாக இந்த மில்லில் வேலை பார்த்து வருகிறேன். ரெத்தினம் என்பவர் என் உறவினர். என்னைப் பார்க்க வந்தவர், அனுமதி இல்லாமல் மிஷின் பக்கம் போய் அடிபட்டுக்கொண்டார்.' கீழே உங்கள் கையெழுத்து.

பத்து விரலும் இருக்கிற இளையபெருமாளுக்கு எவன் நஷ்டஈடு கொடுப்பான்? அதை ஒரு நிமிஷம் யோசித்திருக்கக் கூடாதா? படிக்கத் தெரிந்தவர்தானே, படித்துப் பார்த்திருக்கக் கூடாதா?

என் புருஷன் கேட்டுவிட்டுக் கோபப்படவில்லை. "மச்சான் நல்லதுன்னு நெனச்சுத்தான் போட்டிருப்பாரு" என்றார். எனக்கு அந்தப் பெருந்தன்மை வரவில்லை.

நாகம்மாள்

திருக்காட்டுப்பள்ளி
18-8-1972

அண்ணே,

இரண்டு மாதமாக உன்னிடமிருந்து தபால் இல்லை. ஆடிப் பெருக்கன்று ஆற்றங்கரையில் ஊரே கூடி இருந்தது. எனக்கு உன் ஞாபகம்தான். நான் அப்படி எழுதியிருக்கக் கூடாது. நீ படித்திருந்தால் போட்டிருக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். உன் தங்கைக்காகத் தலைகால் புரியாமல் போட்டாய். கோபம் எனக்கு உன் மேல் இல்லை, அந்தக் கணக்குப்பிள்ளை மேல்.

இப்போது ஒரு வழி தெரிகிறது. நேற்று வஹாப் பாய் திடீரென்று கேட்டார். "ஏம்மா, உங்க அண்ணன் எப்பவும் கையெழுத்துத்தான் போடுவாரா?" எப்போதும் கையெழுத்துத்தான், கைநாட்டு வைப்பதை அவமானமாக நினைப்பவர் என்று சொன்னேன். "ஒங்க வீட்டுக்காரரு?" அவருக்கு எழுதத் தெரியாது, இடது கைப் பெருவிரல்தான் என்றேன். அவர் அப்படியே மிஷினை விட்டுக் கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அப்ப மில்லு நோட்டுல அறுவத்தெட்டு வரைக்கும் இளையபெருமாள்னு கையெழுத்து இருக்கும். அறுவத்தொம்போதுலேந்து அதே பேருக்கு எதிர கைநாட்டு இருக்கும். உப்பளத்துல வச்சு அவங்க வாங்கின தாள்ல மறுபடியும் கையெழுத்து. கையெழுத்துப் போடத் தெரிஞ்ச மனுஷன் நடுவுல மூணு வருசம் மட்டும் ஏன் கைநாட்டு வச்சான்?"

அண்ணே, நீ போட்டுக் கெடுத்த அந்தக் கையெழுத்துத்தான் இப்போது நமக்குச் சாட்சி. நோட்டைக் கொண்டுவந்து காட்டச் சொல்லி மனுப் போட்டிருக்கிறோம். நல்லவேளை, அவருக்குப் போனது வலது கை விரல்கள். இடது கைப் பெருவிரல் அப்படியே இருக்கிறது, ஒத்துப் பார்க்கலாம்.

ஆனால் நீ நேரில் வந்து சொல்ல வேண்டும். வராவிட்டால், இளையபெருமாள் சோம்பலில் நாட்டு வைத்தான் என்று சொல்லித் தப்பித்துக்கொள்வார்கள். அதிகாரி முகாமுக்குத் தஞ்சாவூர் வருகிறார், அக்டோபர் பதினாறாம் தேதி. அப்போது எனக்கு மாதம் முடிந்திருக்கும், என்னால் வர முடியாது. நீ வந்தால் உன் மாப்பிள்ளைக்குக் கை கிடைத்த மாதிரி.

நாகம்மாள்

வேதாரண்யம்
27-8-1972

தங்கச்சிக்கு,

வருகிறேன்.

கடிதம் எழுதாததற்குக் காரணம் கோபம் இல்லை, வெட்கம். முழு உண்மையையும் நான் உனக்கு எழுதவில்லை. குஞ்சிதபாதம் அன்றைக்கு இன்னொன்றும் சொன்னார். கையெழுத்துப் போட்டால் தீபாவளிக்கு முன்னால் ஹல்லர் வேலையைத் திருப்பித் தருவதாகச் சொன்னார். காவேரித் தண்ணீரில் குளித்து மூன்று வருடம் ஆகிறது. எனக்கு ஆசை வந்துவிட்டது. அதனால்தான் தாளைப் படிக்காமல் போட்டேன். படித்தால் போட முடியாமல் போய்விடுமோ என்று எனக்கு உள்ளுக்குள் தெரிந்திருக்கிறது. உனக்காகப் போட்டேன் என்று எழுதியது பாதிதான் உண்மை.

இதை உன்னிடம் சொல்லாமல் அங்கே வந்து நிற்க முடியாது. மாப்பிள்ளையிடமும் சொல்லிவிடு. அதன் பிறகும் வரச் சொன்னால் வருகிறேன். வேண்டாம் என்றாலும் வருகிறேன்.

இளையபெருமாள்

வேதாரண்யம்
19-10-1972

அன்புத் தங்கச்சிக்கு,

பிள்ளை பிறந்த சேதியைப் பஸ் ஸ்டாண்டில்தான் மாப்பிள்ளை சொன்னார். ஆண் பிள்ளையாம், உன் மூக்காம். வந்து பார்க்காமலே பஸ் ஏறிவிட்டேன் என்று திட்டாதே, மழைக்கு முன்னால் உப்பை மூட்டை கட்டும் வேலை, ஒரு நாள் லீவுதான் கொடுத்தார்கள். மாப்பிள்ளை வீட்டுக்கு வந்து என்ன சொன்னாரோ தெரியாது. ஒன்றை மட்டும் நிச்சயம் சொல்லியிருக்க மாட்டார். அதனால் நான் எழுதுகிறேன்.

முதலில் நோட்டு வந்தது. வஹாப் பாய் சொன்னபடியேதான் இருந்தது. அறுபத்தெட்டு டிசம்பர் வரை என் கையெழுத்து, ஜனவரியிலிருந்து மை பூசின பெருவிரல். என்னைக் கூப்பிட்டார்கள். அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டது நான்தான், வேலைக்கு ஆசைப்பட்டுப் படிக்காமல் போட்டேன், அறுபத்தெட்டோடு நான் மில்லை விட்டுப் போனவன் என்று சொன்னேன். மில்லின் வக்கீல், மூடியை ரெத்தினம்தான் கழற்றினார் என்று ஒரு போடு போட்டார். "ரெத்தினம்னு ஆளே இல்லைன்னீங்க. இல்லாத ஆளு மூடியை எப்படிக் கழட்டுனாரு?" என்று அதிகாரி கேட்டார். அந்த பெல்ட்டுக்கு என்றைக்குமே மூடி இருந்ததில்லை, நாங்கள் கேட்டதால்தான் எங்களை விரட்டினார்கள் என்று நானும் சொன்னேன். முதலாளி என்னைப் பார்க்கவில்லை. புதுக் கரைவேட்டி கட்டியிருக்கிறார், ஆட்சிக்குத் தகுந்த கரை.

பிறகு மாப்பிள்ளையைக் கூப்பிட்டார்கள். சத்தியம் வாங்கிவிட்டு அதிகாரி சாதாரணமாகத்தான் கேட்டார், "ஒங்க பேரு என்ன?" மாப்பிள்ளை விறைத்து நின்றுகொண்டு, "இளையபெருமாளுங்க" என்றார்.

வஹாப் பாய் கண்ணை மூடிக்கொண்டார். வக்கீல் எழுந்து, "பாத்தீங்களா ஐயா, பொய்ப் பேரு சொல்றாரு" என்றார். அப்போதுதான் மாப்பிள்ளைக்கு என்ன சொன்னோம் என்று உறைத்தது. முகம் வெளுத்துப் போய், விரல் போன கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

அதிகாரி கோபப்படவில்லை. வக்கீலை உட்காரச் சொன்னார். "யாரு ஒங்கள அப்படிக் கூப்புடுவாங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

"கணக்குப்புள்ளைங்க. காலையில ஆஜர் எடுக்கும்போது."

"எத்தன நாளா?"

"மூணு வருசத்துக்கு மேல ஆவுதுங்க. சம்பளத்தன்னைக்கும் அந்தப் பேருதாங்க கூப்புடுவாங்க. மில்லுல எம் பேரு யாருக்கும் தெரியாதுங்க. எம் பேரு ரெத்தினங்க."

அதிகாரி குஞ்சிதபாதத்தைத் திரும்பிப் பார்த்தார். அவர் தலையைக் குனிந்துகொண்டார். இத்தனை வருடத்தில் அந்த மனிதர் செய்த ஒரே நல்ல காரியம், அந்த நேரத்தில் வாயைத் திறந்து மறுக்காமல் இருந்ததுதான்.

நாகு, நான் அங்கேயே அழுதேன். என் பெயரை அவர் எடுத்துக்கொண்டார் என்று மூன்று வருடம் மனதில் வைத்துக் கருவிக்கொண்டிருந்தேன். எனக்கு ஒன்றும் போகவில்லை. இங்கே உப்பளத்தில் மேஸ்திரி என்னை என் பெயரைச் சொல்லித்தான் திட்டுகிறான். பெயர் போனது அவருக்குத்தான்.

வெளியே வந்து ஓட்டலுக்குக் கூப்பிட்டேன், வர மாட்டேன் என்றார். நாலு பேர் நடுவில் இடது கையால் சாப்பிடக் கூச்சம். இட்லியைப் பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டு புது ஆற்றங்கரைக்குப் போனோம். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு தின்றார். நானும் இடது கையாலேயே தின்றேன். சட்னி சட்டையெல்லாம் ஆனது. அதைப் பார்த்துத்தான் மனுஷன் அன்றைக்கு முதல் தடவை சிரித்தார்.

இளையபெருமாள்

திருக்காட்டுப்பள்ளி
22-1-1973

அண்ணே,

உத்தரவு வந்துவிட்டது. போன வாரம் வஹாப் பாயே பஸ் ஏறி வந்து கொடுத்துவிட்டுப் போனார், ஒரு வாய்க் காப்பி தவிர எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை. மில்லில் வேலை பார்த்தபோது வேலையால் ஏற்பட்ட காயம் என்று அதிகாரி ஏற்றுக்கொண்டார். நூற்றுக்கு முப்பது. கை ஆறும் வரை இருந்த நாளுக்கும் சேர்த்து முதலாளி ஆபீசில் கட்ட வேண்டும், தாமதித்தால் வட்டியும் சேரும். ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு பெட்டிக்கடை போடலாம் என்று யோசிக்கிறோம். இடது கையால் பொட்டலம் மடிக்கப் பழகிவிட்டார், கோணல்மாணலாக இருந்தாலும் அவிழவில்லை.

நீ ஆஸ்பத்திரிக்கு வரவில்லை, பிள்ளை பிறந்ததற்கும் வரவில்லை. அதையெல்லாம் மன்னித்துவிட்டேன். ஆனால் பிள்ளைக்குத் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் முடி இறக்கிக் காது குத்த வேண்டும். மாசியில் நாள் பார்த்திருக்கிறது. லீவு கொடுக்காவிட்டால் உப்பளத்தை விட்டுவிட்டு வா. கடைக்கு இரண்டு கையும் இருக்கிற ஆள் ஒருவர் வேண்டும்.

இன்னொன்று. பிள்ளைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. உன் பெயரையே வைக்கலாம் என்று எனக்கு ஆசை. நேற்று அவரிடம் சொன்னேன். அவர் எதையும் மறுத்துப் பேசுகிறவர் இல்லை, உனக்குத் தெரியும். இதை மட்டும் முடியாது என்றார். ஏன் என்று கேட்டேன். பிள்ளையை இடது தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நடந்துவிட்டுச் சொன்னார்.

"அந்தப் பேரை இனிமே வேற யாருக்கும் வைக்கவேணாம். மூணு வருசம் நான் வச்சிருந்தேன், மச்சான்கிட்ட திருப்பிக் கொடுத்துட்டேன்னு எழுது."

எழுதிவிட்டேன்.

நாகம்மாள்